திருவருகை: வருவதும் இருப்பதும் ஒரே சொல்லில்

நவம்பர் கடைசியில் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கோயில்களில் பீடத் துணி ஊதா நிறத்துக்கு மாறும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்பின் காலம் அன்று தொடங்குகிறது. அந்த ஞாயிறைக் கத்தோலிக்கர் திருவருகைக் கால முதல் ஞாயிறு என்பார்கள். லுத்தரன் சபையில் அட்வெந்து என்று சொல்பவர்கள் உண்டு. ஆகமன காலம் என்ற பழைய வழக்கும் உண்டு. மூன்றும் ஒரே காலத்தின் பெயர்கள்தான், ஆனால் மூன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை.

அட்வெந்துவின் மூலம் லத்தீன் மொழியின் அத்வெந்துஸ். ‘அத்’ என்றால் நோக்கி, ‘வெனீரே’ என்றால் வருதல். உரோமைப் பேரரசர் ஒரு நகருக்குள் பரிவாரத்தோடு நுழையும் சடங்குக்கும் இதுவே பெயர். அந்த நுழைவைக் குறிக்க அடித்த நாணயங்களிலும் இச்சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். நகரத்தார் கோட்டை வாசலுக்கு வெளியே போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். நம் ஊர் மாப்பிள்ளை அழைப்பில் விளக்கோடு தெருமுனை வரை போய் நிற்கிறோமே, அந்த மாதிரி. மத்தேயு 25இல் பத்துக் கன்னியர் விளக்கை எடுத்துக்கொண்டு போனதும் இதற்குத்தான்.

விவிலியத்தை லத்தீனில் பெயர்த்தபோது, கிறிஸ்துவின் வருகையைக் குறிக்கும் பரூசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு அத்வெந்துஸ் என்று போட்டார்கள். பரூசியாவில் வருதல் என்ற வினையே கிடையாது. ‘பரா’ அருகில், ‘ஊசியா’ இருத்தல். உடன் இருத்தல் என்பதே அதன் முதற்பொருள். பிலிப்பியர் 2:12இல் பவுல், தாம் உடன் இருந்தபோதும் இல்லாதபோதும் என்று எழுதும் இடத்தில் உடன் இருப்பதற்கு இதே சொல்லைத்தான் வைக்கிறார். அரசரின் வருகை என்ற பொருள் பிறகு சேர்ந்தது. லத்தீனுக்குப் போனதும் ‘இருத்தல்’ பின்வாங்கி ‘வருதல்’ முன்னுக்கு வந்துவிட்டது.

தமிழில் கதை வேறு. வருகை என்பது ‘வரு’ என்ற வினையடியோடு ‘கை’ என்ற தொழிற்பெயர் விகுதி சேர்ந்த சொல். ஆனால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு என்றால் எதைப் பதிகிறோம்? பிள்ளை வீட்டிலிருந்து நடந்து வந்ததையா, வகுப்பில் இருப்பதையா? இருப்பதைத்தான். ‘தாத்தா வந்திருக்கிறார்’ என்று சொன்னால் அதற்குள் ‘வந்து’, ‘இருக்கிறார்’ என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. கேட்பவருக்கு அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றே புரியும். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது என்றால் மடையைத் திறக்கலாம் என்று பொருள், வந்து போய்விட்டது என்று அல்ல. கிரேக்கச் சொல்லின் இருத்தலையும் லத்தீன் சொல்லின் வருதலையும் தமிழ் வருகை ஒருசேரச் சுமக்கிறது. மத்தேயு 24:3இல் பரூசியாவுக்குத் தமிழ் வேதாகமம் ‘வருகை’ என்று போட்டது மிகச் சரியான தேர்வு. அட்வெந்து என்று ஒலிபெயர்ப்பதைவிடத் திருவருகை மூலத்துக்கு நெருக்கமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

மற்றச் சொற்களையும் பார்த்துவிடுவோம். ஆகமனம் வடசொல், பொருள் சரியே. ஆனால் கேட்பவர் காதில் ஆகமம் என்று விழும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஆதியாகமம், வேதாகமம் என்பவற்றில் உள்ள ஆகமமும் ‘வழிவழியாக வந்தது’ என்ற பொருளுடையதே. வரவு நல்ல தமிழ், வரவேற்பில் இருப்பதும் அதுதான். எனினும் கணக்குப் புத்தகம் அதைப் பிடித்துக்கொண்டது. எழுந்தருளல் அரசருக்கும் இறைவனுக்கும் உரிய அழகான சொல். உரோமைச் சடங்கின் கம்பீரம் அதில்தான் முழுதாக இருக்கிறது. நம் பகுதியில் அதைக் கேட்டதும் சப்பரமும் வீதி உலாவும் நினைவுக்கு வருவதால், காத்திருப்பின் காலத்துக்குப் பொருந்தவில்லை. அவதாரம் இறங்கி வருதலை மட்டும் சொல்லும். மீண்டும் வருதல் அதில் அடங்காது.

எழுதும்போது இரண்டு தவறு நடக்கிறது. ‘திரு வருகை’ என்று இடம் விட்டால் திரு என்பது ஆள் பெயருக்கு முன் போடும் அடையாகப் படிக்கப்படும், சேர்த்தே எழுதவேண்டும். ‘திருவருகை காலம்’ என்று ஒற்று இல்லாமல் அச்சடிப்பது மற்றது. வருகைப் பதிவேட்டில் ப் மிகுவதுபோல இங்கே க் மிகும்: திருவருகைக் காலம்.

காலக் கணக்கு எளிது. நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறு தொடக்கம். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் எங்காவது விழும். அதனால் காலத்தின் நீளம் 22 முதல் 28 நாள். கிறிஸ்துமஸ் ஞாயிறாக இருந்த 2022இல் 28 நாளும் கிடைத்தன. திங்களாக இருந்த 2023இல் 22 தான், நான்காம் ஞாயிறும் 24ஆம் தேதியும் ஒன்றாகிவிட்டன. நான்கு வாரமும் முழுதாக இருக்கும் என்று பாடல் ஒத்திகைக்கு நாள் குறிப்பவர்கள் இத்தகைய ஆண்டில்தான் திணறுவார்கள்.

வாசகங்கள் செல்லும் வரிசையைக் கவனித்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளியும். முதல் ஞாயிறு நற்செய்தியில் குழந்தை இல்லை, மாடடைக் குடில் இல்லை. விழித்திருங்கள் என்ற எச்சரிக்கையும் இறுதி வருகையும்தான். வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன: முதலாம் ஆண்டில் மத்தேயு 24, இரண்டாம் ஆண்டில் மாற்கு 13, மூன்றாம் ஆண்டில் லூக்கா 21. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான். நான்காம் ஞாயிறில்தான் மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். டிசம்பர் 16 வரை வரப்போகும் கிறிஸ்து, 17 முதல் பிறக்கப்போகும் கிறிஸ்து என்பது ஏற்பாடு. எந்த ஆண்டு வாசகம் என்று தெரிய வருட எண்ணை 3ஆல் வகுக்கவேண்டும்: மீதி 1 என்றால் முதலாம் ஆண்டு, 2 என்றால் இரண்டாம், மீதியில்லை என்றால் மூன்றாம் ஆண்டு. ஆனால் வழிபாட்டு ஆண்டு திருவருகையிலேயே தொடங்குவதால் அடுத்த வருடத்தின் எண்ணைத்தான் எடுக்கவேண்டும். 2026 நவம்பரில் 2027ஐ வகுத்தால் மீதி 2, மாற்கு.

இசைக்கு வருவோம். இக்காலத்து ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. அது கிறிஸ்துமஸ் இரவுக்காகக் காத்திருக்கிறது. அல்லேலூயா உண்டு. தவக்காலத்தைப் போல நினைத்து அதையும் நிறுத்திவிடும் குழுக்கள் இருக்கின்றன, அது பிழை. டிசம்பர் முதல் வாரமே கேரல் பவனி தொடங்கிப் பிறப்புப் பாடல்களைப் பாடித் தீர்த்துவிட்டால், 24 இரவில் பாடப் புதிதாக எதுவும் இருக்காது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1714இல் முதல் ஞாயிறுக்காக வைமார் நகரில் இயற்றிய கன்டாட்டா (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த ஆலய இசைப்படைப்பு), அரசர் அரங்குக்குள் நுழையும்போது வாசிக்கும் பிரெஞ்சு முகப்பிசையின் நடையில் தொடங்குகிறது. அத்வெந்துஸ் என்ற சொல்லின் பழைய பொருளை இசையாகவே கேட்கலாம். நான்கு நற்செய்திகள் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் அச்சேறியதும் அதே 1714இல்தான். பாக் பிற்பாடு பணியாற்றிய லைப்சிக் நகரில் முதல் ஞாயிறு முடிந்ததும் கிறிஸ்துமஸ் வரை கன்டாட்டா பாடாமல் மௌனம் காப்பது வழக்கமாக இருந்தது.

நான்காம் ஞாயிறுத் திருப்பலியின் தொடக்கத்தில் பாடும் பழைய வருகைப் பல்லவி எசாயா 45:8. வானங்களைப் பொழியச் சொல்லும் லத்தீன் வினை ‘ரொராத்தே’. ‘ரோஸ்’ என்ற பனித்துளியிலிருந்து பிறந்தது. மழை என்று பெயர்த்தால் அதன் மென்மை போய்விடும். டிசம்பர் கடைசியில் சம்பா பூக்கும் நேரம். பெருமழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டு நெல் பதராகும் என்று இங்குள்ள எவருக்கும் தெரியும். பனியாக இறங்குங்கள் என்பதே இந்த வயல்வெளிக்குச் சரியான வேண்டுதல்.

பாட்டில் அடிக்கடி கெடுவது மாத்திரை. ‘வருகை’யில் வ, ரு இரண்டும் குறில், ஒரு தட்டுக்குள் அடக்கி ‘கை’யில் நீட்டவேண்டும். மேல்நாட்டு மெட்டில் முதல் எழுத்தை நீள ஸ்வரத்தில் வைத்தால் ‘வாருகை’ ஆகிவிடும். ‘வாரும்’ இதற்கு நேர்மாறு: வா நெடில், அங்கே நிற்கலாம்; ‘ரும்’மில் நின்றால் ‘வாரூம்’. மெட்டமைக்கும் முன் வரியைச் சாதாரணமாக நான்கு தடவை வாசித்துக் கையால் தட்டிப் பார்த்தால் எங்கே நிற்கலாம் என்று தெரிந்துவிடும்.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலோடு சேர்ந்து வரும் ஏழு முன்மொழிகள் (அப்பாடலுக்கு முன்னும் பின்னும் பாடும் சிறு வரிகள்) இக்காலத்தின் உச்சம். மார்கழி பிறக்கும் அதே நாட்கள். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று நாளுக்கொரு பெயர் சொல்லி, ஒவ்வொன்றிலும் ‘வாரும்’ என்று கேட்பார்கள். ஏழுக்கும் ஒரே மெட்டு. லத்தீனில் ஒவ்வொன்றும் ‘ஓ’ என்று தொடங்குவதால் தமிழிலும் ‘ஓ ஞானமே’ என்று எழுதுகிறார்கள். நமக்கு விளி வேற்றுமை இருக்கிறது, ஏகாரமே அழைத்துவிடும். ‘ஞானமே, வாரும்’ போதும்.

இந்த ஏழு லத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கோத்தால் ‘ஏரோ கிராஸ்’ என்று இரண்டு சொற்கள் கிடைக்கும். ‘கிராஸ்’ என்றால் நாளை. இதை ‘நாளை வருவேன்’ என்று பெயர்ப்பது பரவலாக இருக்கிறது. ‘ஏரோ’ வருதலின் வினை அல்ல, இருத்தலின் எதிர்காலம். ஏழு மாலையும் வாரும், வாரும் என்று பாடியவர்களுக்குக் கிடைக்கும் பதில் ‘நாளை இருப்பேன்’. பாடல் தாளில் அப்படியே அச்சிடவேண்டும்.