இழவு விழுந்த மறுநாளே பிள்ளைகளை மண்டபத்தில் கூட்டாதீர்கள்

கல்லூரியில் ஒரு மாணவன் இறந்துபோகிறான். மோட்டார் சைக்கிள் விபத்தோ தற்கொலையோ, எதுவாகவும் இருக்கட்டும். மறுநாள் காலையே அவனுடைய வகுப்பு முழுவதையும் மண்டபத்தில் உட்கார வைக்கிறார்கள். தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவரை அழைக்கிறார்கள். "மனசுல இருக்கறத எல்லாம் கொட்டிடுங்க" என்று மைக் கைமாறுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். பாரம் இறங்கிவிட்டது என்று நிர்வாகம் நிம்மதியாகிறது. அடுத்த நாள் வகுப்பு நடக்கிறது.

மலேசியாவின் சிலிம் ரிவர் வட்டாரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். அந்த மண்டபங்களிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது. அண்மையில் ஒரு மாணவி வந்தாள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இறந்த பையனின் உடலை அவள் பார்க்கவே இல்லை. பார்த்த நண்பன் ஒருவன் மைக்கைப் பிடித்து, பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். இப்போது அந்தக் காட்சி இவளைத் தூங்கவிடவில்லை. சொன்னவனும் தூங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள்.

"பேசினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். தனக்குப் பிடித்த ஆளிடம், தானாக மனம் வந்து ஒருவர் பேசினால் அது நல்லது, மறுக்கவில்லை. நாம் குறித்த நேரத்தில், நாற்பது பேர் முன்னால் பேசவைப்பது வேறு. 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காக இப்படிப்பட்ட குழு உரையாடல் முறை ஒன்றை வகுத்தார். நாளடைவில் அது பள்ளி, கல்லூரி என்று எல்லா இடத்துக்கும் பரவியது. 1997-இல் பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. உடனே உட்கார வைத்துப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு 13 மாதங்கள் கழித்தும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் அது 9 விழுக்காடு. பேசவைக்கப்பட்டவர்களின் காயம் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும், ஒரே தடவை பேசவைப்பதால் அந்த நோயைத் தடுக்க முடியவில்லை என்றுதான் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனமும் இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் நாம் மண்டபத்தைத்தான் பதிவு செய்கிறோம்.

முதல் சில நாள் தூக்கமின்மை, கைநடுக்கம், சாப்பாடு இறங்காமை, ஒன்றுமே தோன்றாமல் உட்கார்ந்திருப்பது, இவை நோயல்ல. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் ஆகாமல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று நாங்களே சொல்லமாட்டோம். அழாத பிள்ளையைப் பார்த்து "கல் நெஞ்சு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

முதலில் வேண்டியது உண்மைத் தகவல், அதுவும் காலத்தோடு. 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் காலை ஏழே கால் மணி அளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26-க்கு. அதன்பின் வகுப்புக் கட்டடத்தில் மேலும் 30 பேர் கொல்லப்பட்டார்கள். நம் கல்லூரிகளில் துப்பாக்கி இல்லை, ஆனால் தகவலை மூடிவைக்கும் பழக்கம் இருக்கிறது. நிர்வாகம் வாய் திறக்காத நேரத்தை வாட்ஸ்அப் நிரப்பிவிடும்.

2025 ஜூன் 9 அன்று, திரங்கானுவிலிருந்து இங்கே பக்கத்திலுள்ள தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து கெரிக்கில் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அந்த வாரம் இங்கே பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய எந்தத் தாயும் சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள். விபத்துப் படம் கைக்கு வந்தால் அழித்துவிடுங்கள். குடும்பத்துக்குச் சொல்லி முடிக்கும்வரை பெயரை எங்கேயும் போடாதீர்கள். எண்ணெய் ஆலையில் இரவு வேலையில் இருக்கும் அப்பா, மகன் செய்தியைக் கைப்பேசிப் படத்தில் பார்க்கக்கூடாது. வீட்டுக்கு அழைத்துச் சொல்பவர் தமிழ் பேசுபவராக இருக்கட்டும். தோட்டத்துப் பாட்டிக்கு மலாய்க் கடிதத்தின் வாசகம் புரியாது.

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். அறைத்தோழர்களை அன்றிரவு அந்த அறையிலேயே படுக்கவிடாதீர்கள். சூடாக ஒரு மைலோ, கைப்பேசிக்கு சார்ஜர், வீட்டுக்குப் போக விரும்புகிறவருக்கு வண்டி. இறந்தவரின் சாமான்களை குடும்பம் வரும்முன் மூட்டை கட்டாதீர்கள். இறுதிச் சடங்குக்குப் போக விரும்புகிறவர்களை ஒரு விரிவுரையாளர் கூட்டிப்போகட்டும். முகம் பார்த்தே ஆகவேண்டும் என்று யாரையும் முன்னால் தள்ளாதீர்கள். கோயில் பூசை வைத்தால் வையுங்கள், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் "அந்த பிளாக்கில் காத்து கருப்பு இருக்கு" என்று கிளப்பிவிட்டால், ஏற்கனவே தூங்காத பிள்ளைக்கு இன்னும் பத்து நாள் தூக்கம் போகும்.

யாரைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பார்கள். சத்தமாக அழுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், அவருக்குத் தோள் கிடைத்துவிடும். நான் தேடுவது, மோட்டாரைக் கடன் கொடுத்தவனை. முதல் நாள் சண்டை போட்டவளை. உடலை முதலில் கண்ட வார்டனை, கேட்டில் நிற்கும் காவலாளியான ஜாகாவை. வீட்டுக்குத் தெரியாமல் அவனைக் காதலித்த பெண்ணை. அவளால் வெளியே சொல்லி அழக்கூட முடியாது. ஏற்கனவே வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளையை.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் தவறு. "போலீசுக்குத் தெரிந்தால் பிடித்துவிடுவார்கள்" என்று இன்னமும் மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. தயங்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆபத்து உடனடியானது என்றால் 999. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. நள்ளிரவானாலும் பெஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ உதவி அமைப்பின் எண் 03-7627 2929.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பதினாறாம் நாள் சடங்குக்குள் கல்லூரி பழைய வேகத்துக்கு வந்துவிடும். என்னிடம் வருகிற பிள்ளைகள் பலர் சரிவது அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் தேர்வு நெருங்கும்போது. ஒரு மாதம் கழித்து உங்கள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தொடர்ந்து வராதவரைத் தனியாக அழைத்து, சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் தேர்வை ஒத்திவைக்க விண்ணப்பக் கடிதத்தை அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள். தனியாக எழுதும் நிலையில் அந்தப் பிள்ளை இருக்காது.