ஒரு ஸ்டாம்ப், இரண்டு விலை

1914 ஆகஸ்டில், முதல் உலகப் போரில் பிரான்ஸ் இறங்கிய அதே மாதத்தில், பிரான்ஸ் தபால் நிலையங்களுக்கு ஒரு சிவப்பு ஸ்டாம்ப் வந்தது. விதை தூவிக்கொண்டே நடக்கும் ஒரு பெண்ணின் படம். மக்கள் அன்றாடம் கடிதங்களில் ஒட்டிய அதே 10 சாந்தீம் ஸ்டாம்ப்தான் (100 சாந்தீம் ஒரு பிராங்க்). ஆனால் அதன்மேல் சின்னதாக ஒரு சிலுவையும் 5 என்ற எண்ணும் புதிதாக ஏறியிருந்தன. விலை 15 சாந்தீம். கடிதத்துக்கான கட்டணம் 10 போக, மிச்சம் 5 செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, காயம்பட்ட சிப்பாய்களின் சிகிச்சைக்கு.

அந்த 5 சாந்தீம் எவ்வளவு பெரிய காசு? அன்று பிரெஞ்சுப் படையில் சாதாரணச் சிப்பாயின் ஒரு நாள் சம்பளமே அவ்வளவுதான். இதை முதலில் அறிந்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி வெளியிட முடிந்தது? புது ஸ்டாம்ப் என்றால் படம் வரைய வேண்டும், அதைத் தகட்டில் செதுக்க வேண்டும், பிறகுதான் அச்சு. அதற்கெல்லாம் நேரமில்லை. கையிருப்பில் இருந்த தாள்களையே மறுபடி அச்சு இயந்திரத்தில் கொடுத்துச் சிலுவையை மட்டும் பதித்தார்கள். மேலச்சு என்பது இதுதான்.

காயம்பட்டவர்களுக்காக ஸ்டாம்ப் விற்பது அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொடங்கிவிட்டது. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதில் அதிகம். மருந்து, கட்டுத்துணி, படுக்கை, ஸ்கர்வி என்ற ஈறு வீங்கி ரத்தம் கசியும் நோய் வராமலிருக்க வெங்காயம், உருளைக்கிழங்கு என்று அனுப்பிவைக்க 1861இல் சுகாதார ஆணையம் அமைந்தது. அதற்குப் பணம் சேர்க்க ஊர் ஊராகப் பொருட்காட்சிகள் நடந்தன. பெரும்பாலும் பெண்கள் முன்னின்று நடத்தியவை. சில பொருட்காட்சிகளுக்குள்ளேயே ஒரு தபால் நிலையமும் இருந்தது. "எனக்கு ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா?" என்று போய்க் கேட்டால், முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுப்பார்கள், காசு வாங்கிக்கொள்வார்கள். 1864இல் ஃபிலடெல்பியா பொருட்காட்சிக்காகக் கழுகுப் படம் போட்டு 10, 20, 30 சென்ட் ஸ்டாம்ப்களே அச்சிட்டார்கள். அரசாங்கத் தபாலில் அவை செல்லாது. முழுக் காசும் நன்கொடைதான். அந்த ஒரு பொருட்காட்சியில் எல்லாமாகச் சேர்ந்து 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

தபாலிலும் செல்ல வேண்டும், நன்கொடையும் தர வேண்டும் என்றால் ஒரே ஸ்டாம்புக்கு இரண்டு விலை வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனி 1900இல், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கான நிதிக்காக, 1 பென்னி ஸ்டாம்பை 1 ஷில்லிங்குக்கு விற்றது. ஒரு ஷில்லிங் 12 பென்னி. அப்படியானால் தபால் துறைக்கு ஒரு பங்கு, நிதிக்குப் பதினொரு பங்கு! கடிதம் போட வந்தவர் இதை வாங்குவாரா? சேகரிப்பாளர்களும் வசதி படைத்தவர்களும்தான் வாங்கக்கூடிய விலை. பிரான்ஸ் கூட்டிய 5 சாந்தீமோ கடிதக் கட்டணத்தில் பாதி மட்டும்தான். யாரிடமும் கேட்கலாம்.

அதே பிரான்ஸ் 1917இல், இம்முறை தந்தையை இழந்த குழந்தைகளுக்காக, எட்டு ஸ்டாம்ப்கள் வெளியிட்டது. கல்லறை அருகே நிற்கும் விதவை, ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் தானே ஏர் பூட்டி உழும் பெண் என்று நெஞ்சைப் பிழியும் படங்கள். சிறிய மதிப்பு 2 + 3 சாந்தீம். பெரியது 5 + 5 பிராங்க். அதாவது ஒரு ஸ்டாம்புக்கு 10 பிராங்க். எவ்வளவு இரக்கம் இருந்தாலும் அந்த விலைக்குக் கை பின்வாங்கத்தான் செய்யும்.

போர் முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் ஸ்டாம்ப்கள் மிச்சமிருந்தன, குழந்தைகளும் இருந்தார்கள். 1922இல் அந்தத் தாள்கள் மறுபடி அச்சகத்துக்குப் போயின. இந்தமுறை மேலச்சு, நன்கொடைத் தொகையைக் குறைப்பதற்காக: 5 பிராங்க் ஸ்டாம்பில் கூடுதல் தொகை 1 பிராங்க் ஆனது.