அடைவு வேண்டாம், கோப்பகம் என்று எழுதுங்கள்

"அடைவு உள்ளதா எனச் சரிபார்க்கவும்." நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கான தமிழ்க் குறிப்புகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. கணினியில் கோப்புகளை வைக்கிற டிரெக்டரிக்குத்தான் இந்த அடைவு. வன்னியில் வாசிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன விளங்கும்?

டிரெக்டரியின் வேர் லத்தீன், வழிகாட்டுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் பெயர், முகவரிப் பட்டியலுக்கு ஆகி, அப்புறம் கணினிக்கு வந்தது. மல்டிக்ஸ் இயங்குதளத்தின் கோப்பு முறைமையை விளக்கிய 1965ஆம் ஆண்டுக் கட்டுரை, பதிவுகளின் பட்டியலைக் கொண்ட சிறப்புக் கோப்பு என்று அதை வரையறுத்தது.

பட்டியல்தானே, சொல்லடைவு என்று வழங்குகிறோமே என்பார்கள். சரி, சொல்லடைவில் 'சொல்' முன்னே நின்று பொருளைக் காக்கிறது. தனியே விட்டால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அடைவு என்பது நகை அடைவு. காலபோக விதைப்புக்குக் காப்பை அடைவு வைத்து, அறுவடை முடிந்து மீட்கிற வீடுகள் இவை. பள்ளிக்கூடத்திலோ அது மாணவர் அடைவு மட்டம். ஏற்கெனவே இரண்டு பொருளில் அன்றாடம் புழங்கும் சொல்லுக்கு மூன்றாவதையும் கொடுத்துவிட்டு, கணினித் தமிழ் விளங்கவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்வது அநியாயம்.

நூலகம், மருந்தகம் தெரிந்தவருக்குக் கோப்பகத்தை விளக்கவே வேண்டாம். அதற்குள் கோப்பை வைக்கலாம், இன்னொரு கோப்பகத்தையும் வைக்கலாம். கோப்புறையும் நல்ல சொல்தான். அது திரையில் தெரியும் ஃபோல்டருக்கு இருக்கட்டும்.

'சரிபார்' எதற்கு? கணக்கைச் சரிபார்க்கலாம், அச்சுப்படியைச் சரிபார்க்கலாம். இங்கே இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

இதைவிடப் பெரிய குறை, பைத்தன் நிரல்மொழியின் எக்சிஸ்ட்ஸ் (exists), இஸ்டிர் (isdir) என்ற இரண்டு கட்டளைகளையும் ஒரே 'உள்ளதா'வில் அடக்குவது. 'தரவு' என்ற பெயரில் வெறும் கோப்பு ஒன்று கிடந்தாலும் எக்சிஸ்ட்ஸ் ஆம் என்றுதான் சொல்லும். அதை நம்பி நிரல் 'தரவு'க்குள் புதுக்கோப்பை எழுதப் போனால் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். கோப்பகம்தானா என்று கேட்பது இஸ்டிர். ஆகவே முன்னதை "இந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா?" என்றும், பின்னதை "இந்தப் பெயரில் இருப்பது கோப்பகமா?" என்றும் எழுதவேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவைத்து, அந்த இரண்டு கட்டளையையும் ஒருக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.