நஹானிக்குப் படகில் போகிறவர்கள் முதலில் வரைபடத் தாளின் ஓரத்தைப் படியுங்கள்

நிலவரைபடம் வரைவது என் தொழில். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில் ஓடும் தெற்கு நஹானி ஆற்றுக்குப் படகெடுத்துப் போக நினைப்பவர்கள், கைபேசியில் பதிவிறக்கிய வரைபடத்தைக் காட்டி "இது போதுமா?" என்று கேட்கிறார்கள். போதாது. சாலையே எட்டாத அந்த மலைநாட்டில் இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது.

2000-ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு உலகின் உயரங்களை அளந்தார்கள். இலவச வரைபடங்கள் பல அந்தத் தரவையே நம்பியிருக்கின்றன. ஆனால் அந்த அளவீடு வட அட்சம் 60 பாகையோடு நின்றுவிட்டது. நஹானி அதற்கும் வடக்கே இருக்கிறது. அங்கே வேறு தரவுகளை இட்டு நிரப்புகிறார்கள். நிறமும் கோடும் ஒன்றுபோலவே இருப்பதால் இரண்டு தரவுகளும் இணையும் தையல் கண்ணில் படுவதில்லை. செயற்கைக்கோள் படங்களிலிருந்து பின்னர் உருவான ஆர்க்டிக் உயரத் தரவு 2 மீட்டர் நுணுக்கம் கொண்டது, அருமையானது. ஆனாலும் அடர்ந்த ஊசியிலைக் காட்டில் அது காட்டுவது மரத்தின் உச்சியை, தரையை அல்ல.

அச்சுத் தாளிலும் கவனம் வேண்டும். சம உயரக் கோடுகளுக்கு இடையே 100 அடி இடைவெளி என்றால், 60 அடி வீழ்ச்சி எந்தக் கோட்டையும் தொடாமல் ஒளிந்துகொள்ளலாம். 90 மீட்டருக்கு மேல் விழும் வர்ஜீனியா நீர்வீழ்ச்சியைத் தாள் மறைக்காது. எனக்குக் கவலை தருபவை பெயரில்லாத சிறு வீழ்ச்சிகளும் கிளையாறுகளின் துள்ளல்களும்தான்.

1927-ஆம் ஆண்டு ஆதாரத் தளத்தில் (இடங்களைக் கணக்கிடும் அடிப்படை அமைப்பில்) அச்சான பழைய தாளின் ஆயங்களை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, இன்றைய ஜிபிஎஸ் கருவியில் அமைப்பை மாற்றாமல் இட்டால், இடம் ஏறத்தாழ 200 மீட்டர் வரை தவறலாம். பள்ளத்தாக்கில் அது எதிர்க்கரையாகவே இருக்கக்கூடும். எந்தத் தளம், கோட்டு இடைவெளி எவ்வளவு, வரைபடத்துக்காக விமானத்திலிருந்து படம் எடுத்த ஆண்டு எது என்பவற்றைத் தாளின் ஓரத்தில் தேடிப் படித்துவிட்டுத்தான் ஆற்றைப் பார்க்க வேண்டும்.

படம் எடுத்த ஆண்டை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளத்தாக்குகளைக் கடந்ததும் ஆறு 'ஸ்ப்ளிட்ஸ்' எனப்படும் சரளைப் பரப்பில் பல கிளைகளாகப் பிரிகிறது. வெள்ளமும் பனிக்கட்டி அடைப்பும் அந்தக் கிளைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. தாளில் முதன்மைக் கிளையாக இருப்பது இன்று மரக்கட்டைகள் அடைத்த முட்டுச்சந்தாக இருக்கலாம். அந்தப் பகுதிக்கு, தேனே பழங்குடி வழிகாட்டிகளும் அதே பருவத்தில் ஆற்றில் இறங்கியவர்களும் சொல்வதையே நம்புங்கள். புறப்படும் முன் ஃபோர்ட் சிம்ப்சனில் உள்ள தேசியப் பூங்கா அலுவலகத்தில் நீர்மட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.