ரவுட்டர்: சொல்லும் பெட்டியும், தமிழில் திசைவியா வழிப்படுத்தியா?

ஆபீசுக்குப் புது ரவுட்டர் வாங்கணும், எது நல்லது என்று யாராவது கேட்டால், ரவுட்டர் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஃபைபர் ஒயர் வந்து நுழையும் பெட்டியும் ரவுட்டர், நாலு ஆன்டெனா நீட்டிக்கொண்டு வைஃபை தருவதும் ரவுட்டர், ஒயர்களைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்சையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள், இன்னும் சிலருக்கு இவை எல்லாமே மோடம். வீட்டில் இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு ஆடிட்டர் ஆபீசில், ஒன்று தேவைப்படும் இடத்தில் இன்னொன்றை வாங்கி வைத்துவிடுவார்கள்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். ரூட் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், அதன் வேர் லத்தீனில் 'வியா ருப்தா', அதாவது உடைத்துத் திறந்த பாதை. வழியில் அனுப்புவது எதுவோ அது ரூட்டர். பிரிட்டனில் ரூட்டர் என்பார்கள், அமெரிக்காவில் ரவுட்டர். நாம் பஸ் ரூட்டை ரூட் என்றே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் அமெரிக்க உச்சரிப்பில் சொல்கிறோம், அது எப்படி ஒட்டிக்கொண்டதோ. தச்சர்கள் மரத்தில் பள்ளம் குடையும் மெஷினுக்கும் ரவுட்டர் என்றுதான் பெயர், ஆனால் அது வேறு வினையிலிருந்து வந்தது, உறவில்லை. ஆன்லைனில் தேடும்போது நடுவில் மரத்தூள் பறக்கும் படம் வந்தால் காரணம் இதுதான்.

இந்த வேலையைச் செய்த முதல் இயந்திரத்துக்கு ரவுட்டர் என்று பெயரே இல்லை. 1969இல், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் என்ற வலைக்காக கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஒரு ஹனிவெல் கணினியை நிறுத்தினார்கள், ஃபிரிட்ஜ் அளவு இருக்கும், அதை ஐ.எம்.பி. (இன்டர்ஃபேஸ் மெசேஜ் பிராசஸர்) என்று அழைத்தார்கள். பிறகு இணையம் உருவானபோது இதே வேலைக்கு கேட்வே என்ற பெயர் வந்தது. 1987இல் வெளியான தொழில்நுட்ப விதி ஆவணத்தின் தலைப்பில் இணைய கேட்வே என்று இருக்கிறது, அதற்கு மாற்றாக 1995இல் வந்ததில் ரவுட்டர் என்று மாறிவிட்டது. பழைய பெயரும் முழுசாகப் போய்விடவில்லை. உங்கள் கணினியின் நெட்வொர்க் விவரத்தைத் திறந்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், ஆபீசில் அது உங்கள் ரவுட்டரின் முகவரிதான்.

சரி, அது என்ன செய்கிறது? ஒரு வலையிலிருந்து வரும் தரவுப் பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது, அவ்வளவுதான். சங்கப் பாட்டில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவான் இல்லையா, 'ஆறு' என்றால் அங்கே வழி. ஒரு வித்தியாசம், பாணன் வழி நெடுக என்னென்ன நிலம் வரும், எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்பதுவரை சொல்லிவிடுவான், ரவுட்டருக்கு அடுத்த நிறுத்தம் மட்டும்தான் தெரியும், அங்கே இருக்கும் இன்னொரு ரவுட்டர் அதற்கடுத்ததைப் பார்த்துக்கொள்ளும். ஆற்றுப்படுத்தி என்றே பெயர் வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆசைதான், ஆனால் இலங்கையில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனநல ஆலோசனை, அங்கே அது நன்றாக வேரூன்றிவிட்ட சொல்.

தமிழில் இப்போது அதிகம் புழங்குவது திசைவி. விக்கிப்பீடியாவிலும் இதே பெயர்தான். சின்ன சொல், சொல்ல வசதி. இலக்கணம் பார்ப்பவர்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள். உலாவு என்ற வினையோடு இ சேர்ந்து உலாவி ஆனது சரி, திசை பெயர்ச்சொல், அது ஐயில் முடிகிறது, ஐக்குப் பின் உயிர் வந்தால் யகரம்தானே வர வேண்டும், இந்த வகரம் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. அதோடு, திசை என்பது கிழக்கு மேற்கைக் குறிக்கும், போகும் பாதையை அல்ல. வழிச்செயலி என்றும் சிலர் எழுதுகிறார்கள், செயலி என்றாலே கைபேசி ஆப் என்று ஆகிவிட்டதால் அது இனி எடுபடாது. வழிப்படுத்தி என்பது வேலையை உள்ளபடி சொல்கிறது, ரவுட்டிங் என்பதற்கு வழிப்படுத்தல் என்று வினையும் கூடவே கிடைக்கிறது. என் ஓட்டு அதற்கே. ஆனாலும் திசைவி என்று எழுதுபவரைத் திருத்த மாட்டேன், பழகிய சொல் பழகியதுதான். கடையில் இரண்டும் செல்லாது, ரவுட்டர் என்றே கேளுங்கள்.

வாங்கும்போது இந்த வழிப்படுத்தும் வேலையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். ஃபைபர் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஓ.என்.டி., அது இணைப்பு தருபவருடையது, பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு ரவுட்டரும் இருக்கும். அதைப் பிரிட்ஜ் மோடில், அதாவது உள்ளே இருக்கும் ரவுட்டர் வேலை செய்யாதபடி, போடச் சொல்லாமல் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டினால், ஆபீஸ் கணினிகளின் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும். சாதாரண பிரௌசிங்கில் ஒன்றும் தெரியாது, வெளியிலிருந்து ஆபீஸ் சர்வரைத் தொட முயலும்போதுதான் படுத்தும். வைஃபை தருவது அக்சஸ் பாயின்ட், அணுகுபுள்ளி. பின் அறையில் சிக்னல் இல்லை என்பதற்காக ரவுட்டரையே மாற்றுபவர்கள் அதிகம். அது அணுகுபுள்ளியின் பிரச்சினை, அந்த அறைக்கு ஒரு ஒயர் இழுத்து அங்கே ஒரு அணுகுபுள்ளி வைத்தால் தீர்ந்தது.

பெட்டியின் மேல் பெரிதாக ஏஎக்ஸ்3000 என்று போட்டிருப்பார்கள். அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 மெகாபிட் என்ற இரண்டு வேகத்தையும் கூட்டி, 3000 என்று தோராயமாக்கியது, எந்த ஒரு லேப்டாப்புக்கும் அந்தக் கூட்டுத்தொகை கிடைக்காது. அதைவிடப் பின்பக்கம் திருப்பி போர்ட்டைப் பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இன்னும் 100 மெகாபிட் போர்ட்தான் இருக்கிறது, 300 மெகாபிட் பிளான் போட்டிருந்தாலும் வேகம் 100க்கு மேல் ஏறாது.

சின்ன ஆபீசுக்கு நான் முதலில் பார்ப்பது டூயல் வான், அதாவது இரண்டு இணைப்பு மாட்டும் வசதி. ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளில் தெருவில் யாரோ பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தால், இன்னொரு நிறுவனத்தின் இணைப்புக்கோ 4ஜிக்கோ தானாக மாறிக்கொள்ளும், வழிப்படுத்தி என்ற பெயருக்கு ஏற்ற வேலை இதுதான். அடுத்தது, வந்து போகிறவர்களின் மொபைலும் உங்கள் கணக்கு சர்வரும் ஒரே வலையில் இருக்கக் கூடாது, அதற்கு விலான், அதாவது ஒரே வலையைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வசதி, அல்லது குறைந்தபட்சம் கெஸ்ட் நெட்வொர்க் தேவை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருந்தால், வெளியிலிருந்து ஆபீஸ் வலைக்குள் பாதுகாப்பாக நுழைய விபிஎன். வைஃபையைப் பூட்டி வைக்கும் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை இப்போது புது மாடல்கள் பெரும்பாலானவற்றில் சாதாரணமாகவே வருகிறது. கம்பெனி ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் தொடர்ந்து விடுகிறதா என்று அதன் தளத்தில் அந்த மாடலைத் தேடி, கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள், இரண்டு மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் கரண்ட். சின்ன ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை, ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் போதும், அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஓ.என்.டி.க்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள், அது அணைந்துவிட்டால் ரவுட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை.