ஐ.எம்.எஃப். கோட்டா: விடைக்கு ஏற்பப் போட்ட கணக்கு

1943 ஏப்ரலில் அமெரிக்க நிதித்துறை அதிகாரி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட், தன்னிடம் வேலை பார்த்த இளம் பொருளியலாளர் ரேமண்ட் மைக்செல்லிடம் ஒரு சூத்திரம் கேட்டார். அமையவிருந்த சர்வதேச நாணய நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்ல வேண்டும். விடையையும் அவரே கொடுத்துவிட்டார்: அமெரிக்காவுக்குச் சுமார் 290 கோடி டாலர், பிரிட்டனுக்கு அதில் ஏறக்குறையப் பாதி, அடுத்து சோவியத், அதற்கடுத்து சீனா. தேசிய வருமானம், தங்கக் கையிருப்பு, வெளிவர்த்தகம் என்று மாற்றி மாற்றிப் போட்டு அந்த விடையை வரவழைத்தார் மைக்செல். பின்னாளில் இதை அவரே எழுதியும் வைத்தார்.

சூத்திரம் பலமுறை மாறிவிட்டது. இன்று அதில் பாதி எடை ஜிடிபிக்கு. ஆனால் 'கோட்டா' எனப்படும் அந்தப் பங்குதான் இன்னமும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு நாடு கட்டும் பணம், அதன் வாக்கு, வாங்கக்கூடிய கடன் மூன்றும் அதை ஒட்டியே அமைகின்றன. 2023 மார்ச்சில் இலங்கைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட சுமார் 300 கோடி டாலர், அதன் கோட்டாவைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில், 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். தன் கணக்குக்கு வைத்திருக்கும் அலகு, டாலராக மாற்றிக்கொள்ளத்தக்க கையிருப்பு) பகிரப்பட்டபோதும் இதே அளவுகோல்தான். மொத்த ஆப்பிரிக்காவுக்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி. யாருக்கு அவசரம் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. இங்கே கோட்டாவில் லட்சம் எஸ்.டி.ஆருக்கு ஒரு வாக்கு. எல்லா நாடுகளுக்கும் சமமாகத் தரும் 'அடிப்படை வாக்கு'ம் உண்டு, ஆனால் மொத்தத்தில் அது 5.5 விழுக்காடுதான்.

கோட்டாவை மாற்ற 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5. அதாவது, மற்ற எல்லா நாடுகளும் கைதூக்கினாலும் போதாது! தொடக்கத்தில் 80 இருந்தாலே போதும் என்றுதான் விதி. அப்போது அமெரிக்காவின் கோட்டா 31 விழுக்காடு. அந்தப் பங்கு சரியச் சரிய, தடுக்கும் உரிமை கைநழுவாதபடி வரம்பு உயர்ந்தது.

விளைவு? 2010இல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கிடந்து 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பரில் எல்லோருடைய கோட்டாவையும் ஒரே விகிதத்தில் 50 விழுக்காடு உயர்த்த முடிவெடுத்தார்கள். தொகை பெருகும், மொத்தத்தில் ஒவ்வொரு நாட்டின் விகிதம் அப்படியே இருக்கும். உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமான சீனாவுக்கு 6.4 விழுக்காடு, இந்தியாவுக்கு 2.75. இதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிறிய நாடுகளுக்கு உடனே பலன் தருவது அடிப்படை வாக்கைக் கூட்டுவதுதான். அதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டும். திருத்தத்துக்கு ஐந்தில் மூன்று பங்கு உறுப்பு நாடுகளின் சம்மதம் தேவை, கூடவே அதே 85 விழுக்காடு வாக்கும்.