வளவில் எத்தனை பூட்டு?

போன வாரம் காரைக்குடியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். கோவைக்காரர். செட்டிநாட்டு வீடு ஒன்றை வாங்கித் தங்கும் விடுதியாக மாற்ற எண்ணம். முழுப் பணமும் கொடுத்துக் கிரயம் பதிந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு கோலாலம்பூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ், ஏழில் ஒரு பங்கு எங்களுடையது என்று. அவரோ நோட்டீஸுக்கு முன்னால் பிளாஸ்டிக் கவரிலிருந்து வில்லங்கச் சான்றைத்தான் எடுத்து நீட்டினார். “பாருங்க சார், நில்!” (Nil, அதாவது பதிவு எதுவும் இல்லை.)

இந்த வருடம் எனக்கு இது நாலாவது ‘நில்’. பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இந்தச் சொத்தின் பேரில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று வில்லங்கச் சான்று சொல்லும். அவ்வளவுதான். சொத்து யாருடையது என்று சொல்லாது. யார் இறந்தார், எத்தனை பிள்ளைகள், யார் சுவீகாரம் போனார், பதியாத உயில் உண்டா, எதுவும் அதில் வராது. இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் எடுக்கலாம். நம் ஊர் வீடுகள் அதற்கும் அரை நூற்றாண்டு மூத்தவை. யோசித்துப் பாருங்கள். ஐயா பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு. யாரும் விற்கவில்லை, அடமானம் வைக்கவில்லை, பாகப்பிரிவினை பதியவில்லை. ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவர் பங்கு வாரிசுகளுக்குத் தானாக இறங்குகிறது. அதற்குப் பத்திரமே வேண்டாம். பங்காளிகள் இரண்டு டஜன் ஆனாலும் சான்று பளிச்சென்றுதான் இருக்கும். கைமாறாத வீட்டில் ‘நில்’ பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

“சார்பதிவாளர் பதிஞ்சு கொடுத்தாரே?” என்றார் கோவைக்காரர். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டாவை நீட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் ஆகாது.

போனில் படம் காட்டினார். ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் பெரிதுபண்ணிக் காட்டினார். என் கண் வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றியிருந்த அறைகளில் இருந்தது. ஏழு கதவு, ஏழு பூட்டு, ஒன்றுபோல் ஒன்றில்லை. இரண்டு துருப்பிடித்தவை. ஒன்றில் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது இங்கே வழக்கம். விற்றவரிடம் இருந்தது முகப்புச் சாவி. ஊரில் தங்கியவரிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவைத்த சாவி அது.

பங்காளி ஒருவர் முழு வீட்டையும் எழுதிக் கொடுத்தாலும் உங்களுக்கு வருவது அவர் பங்கு மட்டும். அந்தப் பங்கை வைத்துக்கொண்டு பிரியாத குடும்ப வீட்டுக்குள் போய்க் குடியிருக்கவும் முடியாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கோர்ட் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம்.

அப்புறம், “அத்தைகளுக்கெல்லாம் சீர் செஞ்சு அனுப்பியாச்சு” என்பார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். சீர் வாங்கியதால் எந்தச் சட்டத்திலும் பெண்ணின் பங்கு போவதில்லை. 1956, 1989, 2005 என்று வாரிசுரிமைச் சட்டம் மாறியிருக்கிறது. யார் எந்த வருடம் இறந்தார் என்று தெரிந்தால்தான் கணக்கே போட முடியும். சுவீகாரம் போனவருக்குப் பிறந்த வீட்டில் பங்கில்லை, ஆனால் போகும்முன்பே அவருக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அவருடையதுதான். (இதை விற்பவர் வாயிலிருந்து வரவழைப்பதற்குள் எனக்கு இரண்டு காபி ஆகிவிடும்.)

வீட்டைக் கட்டியவரிலிருந்து கடைசிப் பேத்திவரை வம்சாவளியை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு இறப்புக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். வெளிநாட்டுப் பவர் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) என்றால் நம் தூதரகச் சான்றொப்பம் வேண்டும், அந்தப் பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா, அதையும் கேளுங்கள். அவர் போனால் பவரும் போயிற்று. பேப்பரில் பொது அறிவிப்புக் கொடுங்கள், ஆனால் பினாங்கில் இருப்பவர் அதைப் படிப்பார் என்று நம்பி உட்காராதீர்கள்.

கடை வாங்குபவர்கள் வாடகைதாரரிடம் நேரில் பேசுங்கள், பதியாத வாடகை ஒப்பந்தமும் வில்லங்கத்தில் வராது. கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்பதும் உண்டு.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்யுங்கள், தயவுசெய்து. கிரயம் முடிந்து வந்தால் என்னால் கேஸ்தான் போட முடியும்.

கோவைக்காரர் கிளம்பும்போது கேட்டார்: “ஓடு ஒழுகுது சார். மழைக்கு முன்னாடி மாத்திடவா?”

மற்ற பங்காளிகளுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள், அந்த ஏழு பூட்டிலும் மட்டும் கை வைக்காதீர்கள் என்றேன்.